பலம் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம்

வெள்ளைப் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார் தலைமைப் பயிற்சியாளர் வால்ட் ஹாவ்ரிலா. இடப்பக்கம் 'பலம்' என்றும் வலப்பக்கம் 'கவலை' என்றும் எழுதிவிட்டுத் திரும்பினார். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கோடைப் பயிற்சி முகாம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னாலிருந்த அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வியர்வையும் வெட்டிய புல்லும் தீய்ந்த காப்பியும் கலந்த ஒரு வாடை ஆகஸ்டு முழுக்க அதற்குள் தங்கியிருக்கும். மேசையைச் சுற்றி உதவிப் பயிற்சியாளர்கள் மூன்று பேர். மூன்று வாரம் மைதானத்தில் கத்திக் கத்தி எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

"முன்வரிசையை மொத்தமா அந்தப் பக்கம் எழுதுய்யா," என்றார் கஸ் பெல்லாண்டி. முன்வரிசைத் தடியர்களுக்கு அவர்தான் பொறுப்பு. "அஞ்சு பயலுகளும் ஆளுக்கொரு ஃபிரிட்ஜ் மாதிரி நிக்கிறானுங்க. நேத்து அவனுங்களைத் தாண்டி ஒருத்தன் உள்ள வரல."

வால்ட் எழுதினார். அடுத்துத் தடுப்பாட்டம். அது ஓட்டிஸ் ப்ரூயிட்டின் வேலை. ஓட்டிஸும் வால்டும் இதே கல்லூரிக்காக இதே மைதானத்தில் ஒன்றாக ஆடியவர்கள். வால்டின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் ஓட்டிஸ். இந்த மார்ச்சில் வால்டின் மனைவி ரோஸ்மேரியின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களிலும் அவர் ஒருவர்.

"தடுப்பு பரவால்ல. கடைசி வரிசைலதான் ஒரு ஓட்டை. புதுசா வந்த பையன் காத்தா ஓடறான். ஆனா பந்தைத்தான் பாக்க மாட்டேங்கிறான்."

"வேற எதைப் பாக்குறான்?"

"கேலரில பொண்ணுங்களை."

எல்லோரும் சிரித்தார்கள். வால்டும் சிரித்துக்கொண்டே வலப்பக்கத்தில் அதை எழுதினார். பந்தை உதைக்கிறவனைப் பற்றிக் கேட்டதற்கு, "அது ஆண்டவன் விட்ட வழி," என்றார் கஸ். இன்னொரு சிரிப்பு. பிறகு ஓட்டக்காரர்கள், பந்து பிடிப்பவர்கள் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். பலகை நிறைந்துகொண்டு வந்தது. கடைசியில் குவார்ட்டர்பேக் மட்டும் பாக்கி.

அணியில் மற்ற யார் சொதப்பினாலும் சமாளித்துவிடலாம். குவார்ட்டர்பேக் சொதப்பினால் முடியாது. பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுவதா, பக்கத்தில் வருகிறவனிடம் கொடுப்பதா என்று எதிராளி வந்து மோதுவதற்குள் அவன் முடிவு செய்தாக வேண்டும். போன வருடம் அந்த இடத்தில் ஆடியவன் நீல். இந்த வருடமும் அவன்தான் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது. நீல், வால்டின் மகன்.

கஸ் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். குவார்ட்டர்பேக்குகளைப் பழக்குகிற இளைஞன் பிரஸ்காட் தொண்டையைச் செருமினான்.

"தூரமா எறியுறது... இன்னும் கொஞ்சம் பழகணும் கோச். பந்து ஒரு நொடி லேட்டாப் போகுது. மத்தபடி..."

"மத்தபடி?"

"மத்தபடி நல்லாத்தான் இருக்கு கோச்."

மென்று முழுங்குகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஓட்டிஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"வால்ட், நீ கொஞ்ச நேரம் வெளில நில்லு. நாங்க பேசிட்டுக் கூப்பிடறோம்."

"என் அணி. என் முன்னாடியே சொல்லு."

"சரி. பையனுக்குத் தோள் போயிடுச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் அது பழைய தோள் இல்ல. இருபது கஜத்துக்கு மேல பந்து மிதக்குது. நேத்து நம்ம பசங்களே மூணு பந்தைக் கையால பறிச்சானுங்க. இன்னும் ரெண்டைப் பறிச்சிருக்கலாம், வேணும்னே விட்டானுங்க. ஏன் விட்டானுங்க தெரியுமா? பாவம், அம்மா இல்லாத பையன்னு. எதிர் டீம்காரன் அப்படி விடமாட்டான் வால்ட். பந்து மட்டும் போனாப் பரவால்ல. லேட்டா எறியுறவனை நேரா வந்து இடிப்பானுங்க."

"அமாரி?" என்று கேட்டார் வால்ட். நீலுக்கு மாற்றாகப் பழக்கி வைத்திருந்த பையன் அமாரி.

"அமாரி ரெடி," என்றான் பிரஸ்காட், இந்த முறை தயக்கமில்லாமல்.

வால்ட் பலகைக்குத் திரும்பினார். வலப்பக்கத்தின் அடியில் கையகலம் இடம் இருந்தது. அதில் நீலின் பெயரை எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்," என்றார். "முகாம் ஆரம்பிச்ச முதல் வாரமே தெரியும்."

உண்மையில் அதற்கும் முன்பே தெரியும். போன நவம்பரில் கடைசி ஆட்டத்தில் நீலின் தோள் கழன்றது. டிசம்பரில் அறுவைச் சிகிச்சை. தோளுக்கான பயிற்சிகளை அவன் தொடங்கிய அதே நாட்களில்தான் ரோஸ்மேரியைப் பிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரப்பர் பட்டையை அவளுடைய கட்டில் கம்பியில் கட்டி, பக்கத்தில் நின்று இழுப்பான். அவள் படுத்தபடியே எண்ணுவாள். "பத்து... பதினொண்ணு... டேய், முழங்கையை மடக்காதே." குரல் போன பிறகு விரலால் கம்பியைத் தட்டி எண்ணினாள். தட்டுவதும் நின்ற பிறகு நீல் அந்தப் பட்டையைக் கையில் எடுத்து வால்ட் பார்க்கவில்லை. தோள் இறுகிக்கொண்டே வந்தது. டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கலாம். ஆடவேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். இதையும் பிடுங்கிவிட்டால் பையனிடம் வேறு என்ன மிச்சமிருக்கும் என்று நினைத்தார். காலையில் அவன் படுக்கையை விட்டு எழுவதே பயிற்சிக்காகத்தான் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அன்று சாயங்காலம் கடையில் வாங்கிய பியரோகியை, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையை, வெண்ணெயில் வறுத்தார். ரோஸ்மேரி போன புதிதில் சர்ச்சுப் பெண்கள் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஜூன் வந்ததும் அது நின்றுபோயிற்று. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் கருகிய பியரோகியை நீல் ஒன்றும் சொல்லாமல் தின்றான். மைதானத்தில் அவன் அவரை 'கோச்' என்பான், நீங்க வாங்க என்று பேசுவான். வீட்டுக்குள் காலை வைத்ததும் 'அப்பா', 'நீ'. அவனுடைய சின்ன வயதில் ரோஸ்மேரி போட்ட சட்டம் அது. சாப்பாட்டு மேசையில் கோச் யாரும் உட்காரக் கூடாது.

"முன்வரிசை இந்த வருஷம் சுவரு மாதிரி நிக்குது," என்று ஆரம்பித்தார் வால்ட்.

"ஆமாப்பா. கஸ் ரொம்பக் குஷியா இருப்பாரே."

"கடைசி வரிசைதான் கொஞ்சம் இடிக்குது."

"அந்தப் புதுப் பையனா? பழகிடுவான்."

ஒரு பியரோகியை முள்கரண்டியால் இரண்டாக வெட்டினார். பிறகு நான்காக வெட்டினார். வாயில் வைக்கவில்லை.

"நீல். முதல் ஆட்டத்துக்கு அமாரியை இறக்கலாம்னு இருக்கேன்."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான், கதவு அறைந்து சாத்தப்படும் என்றெல்லாம் காரில் வரும்போது யோசித்து, அதற்குப் பதில்களும் தயார் செய்து வைத்திருந்தார். நீல் கரண்டியைக் கீழே வைத்தான். நெடுநேரம் தம் கட்டியிருந்தவன்போல மூச்சை விட்டான்.

"நல்லதுப்பா."

"என்னடா நல்லது?"

"அவன்தான் ஆடணும். ரெடியா இருன்னு போன வாரமே அவன்கிட்டச் சொல்லிட்டேன். ராத்திரில தோளைக் கீழ வச்சுப் படுக்க முடியலப்பா எனக்கு."

"அப்ப ஏன்டா எங்கிட்டச் சொல்லல? மூணு வாரம் வெயில்ல நின்னு, எல்லார்கிட்டயும் இடி வாங்கிக்கிட்டு..."

நீல் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அம்மாவின் காதுகள். கூச்சம் வந்தால் நுனி சிவக்கும்.

"சொல்லிருக்கலாம்தான். சொல்லிட்டு? அப்புறம் வீட்டுக்கு வந்து நாம ரெண்டு பேரும் என்னப்பா பேசிக்கிறது?"

வால்ட், மார்ச்சிலிருந்து இந்த மேசையில் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தார். எந்தப் பையன் எடை போட்டிருக்கிறான், யாருக்கு முட்டியில் வீக்கம், எதிரணிக்குப் புதுப் பயிற்சியாளர் யார். இவ்வளவுதான். ரோஸ்மேரி இருந்தபோது இந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பக்கத்து வீட்டு நாய், பள்ளிக்கூடத்தில் அவளிடம் படிக்கிற வாண்டுகள், யார் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், எல்லாவற்றையும் அவள்தான் பேசினாள். இவர்கள் இரண்டு பேரும் நடுநடுவே தலையை ஆட்டினார்கள். அதையே பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்துவிட்டார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றான் நீல். "ஜூலைல ஒரு வேலைக்குக் கேட்டிருந்தேன். அம்மா இருந்தாங்களே, அந்த ஆஸ்பத்திரில. நோயாளிங்களை ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் தள்ளிக்கிட்டுப் போற வேலை. வரச் சொல்லிட்டாங்க. இந்த செமஸ்டர் படிக்கலப்பா."

"அந்த ஆஸ்பத்திரியா?" வால்டின் குரல் அவரை அறியாமல் உயர்ந்தது. "அந்த வாசல்ல கால் வைக்க முடியுமாடா உன்னால? நான் அந்த ரோட்டுப் பக்கமே போறதில்ல, சுத்திக்கிட்டுத்தான் போறேன்."

"எனக்கு இங்கதான்பா முடியல."

அதைச் சொல்லும்போது அவன் சமையல் மேடையைப் பார்த்தான். பிறகு, "உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான் சொல்லாம இருந்தேன். ஆடிக்கிட்டே இருந்தா நீ நல்லா இருப்பேன்னு நெனச்சேன்," என்றான்.

உனக்காகத்தான் நான் உன்னை ஆடவிட்டேன் என்று சொல்ல வால்ட் வாயெடுத்தார். சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரில் ஒருவராவது அழுதுவிடுவார் என்று பட்டது. அழுதால் அப்புறம் என்ன செய்வது, யார் எழுந்துவந்து யார் தோளைத் தொடுவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அதுவும் அவள் செய்துகொண்டிருந்த வேலைதான்.

"போறதுக்கு முன்னாடி காருக்கு ஆயில் மாத்திடு," என்றார்.

"சரிப்பா."

திங்கட்கிழமை நீல் தலைக்கவசத்தையும் தோள் கவசத்தையும் சாமான் அறையில் ஒப்படைத்தான். அணிக்கு விஷயத்தை அவனே சொன்னான். உடைமாற்றும் அறையில் பெஞ்சின்மேல் ஏறி நின்று ஏதோ ஜோக்கடித்தான். பையன்கள் கைதட்டினார்கள். அமாரி மட்டும் தட்டாமல் ஷூவின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். வால்ட் கதவருகே நின்று பார்த்தார். கோச் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். ஓட்டிஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு, "போதும்டா நாடகம், மைதானத்துக்கு நடங்க," என்று எல்லோரையும் கிளப்பினார். புதன்கிழமை நீல் துணிமணிகளைக் காரில் அடைத்துக்கொண்டு புறப்பட்டான். வாசலில் ஒருவர் கையை ஒருவர் குலுக்கினார்கள். அவன் வலக்கையைத் தூக்கியபோது தோளில் வலி வந்து முகம் லேசாகக் கோணியது. வால்ட் பிடியை உடனே விட்டுவிட்டார்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஜெயித்தார்கள் என்று சும்மா சொன்னால் போதாது. எதிரணியை ஓட ஓட விரட்டினார்கள். முன்வரிசை கஸ் சொன்னதுபோலவே அசையாமல் நின்றது. அமாரி எறிந்த பந்துகள் செப்டம்பர் வெயிலில் விர்ரென்று போய் ஓடுகிறவன் கையில் உட்கார்ந்தன. ஒவ்வொரு முறையும் கேலரி எழுந்து கத்தியது. பிரஸ்காட் குதித்தான். வால்டும் கை தட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. தன்னைப்போலவே வயிறு பெருத்த யாரோ ஒரு தகப்பன் அமாரியின் பெயரைச் சொல்லி அலறுவதைக் கேட்டபோது மட்டும் புல்லைப் பார்த்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து, பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லி, ஓட்டிஸ் பீர் குடிக்கக் கூப்பிட்டதைத் தட்டிக்கழித்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. வீடுகளுக்குக் கிளம்பாத குடும்பங்கள் அங்கங்கே வண்டிகளின் பின்கதவைத் திறந்துவைத்து சாசேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருந்தன. அவர் காரில் ஏறிச் சாவியைப் போட்டபோது போன் அடித்தது.

"ஜெயிச்சிட்டீங்களாமே," என்றான் நீல்.

"ம். அமாரி நல்லா ஆடினான்."

"போன்ல பாத்தேன்பா. டூட்டி நடுவுல கொஞ்ச நேரம்தான். இப்பத்தான் முடிஞ்சுது."

"வேலை எப்படி இருக்கு?"

"பரவால்லப்பா. நடந்துக்கிட்டே இருக்கணும்." அவன் பின்னால் ஏதோ இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது. "அப்பா, வெள்ளைத் துணியையும் கலர்த் துணியையும் சேத்துப் போடக் கூடாதா? யூனிஃபார்ம் எல்லாம் ஒரு மாதிரி ரோஸ் கலராயிடுச்சு."

"தெரியலடா. நான் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் போடுறேன். அதை உங்கம்மாகிட்டத்தான்..."

வாக்கியம் அங்கேயே நின்றது. வால்ட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிட்ஸ்பர்க்கில் ஏதோ ஒரு சலவைக் கடையில் மகனுடைய துணிகள் இயந்திரத்துக்குள் சுற்றின. சட்டைப்பையில் மறந்துபோன ஒரு சில்லறைக் காசு அதன் சுவரில் மோதி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டிங் என்றது. அவர் வண்டியைக் கிளப்பவில்லை. நீலும் போனை வைக்கவில்லை.