காற்றுப் படாத ஏழாவது தாள்

…இல்லை, இயந்திரம்தான் பொய் சொல்கிறது, தூசியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று புட்டுப் புட்டு வைக்கிற இயந்திரத்துக்கும் ஒரு நாள் புத்தி பிசகாதா என்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் மூன்றாவது முறையாக, காற்றிலிருந்து தூசியைப் பிடிக்கும் அந்த வடிதாளை உள்ளே வைத்து மூடினாள், ஒன்பது நிமிடம், அதுவரை எதையாவது நினைத்துத்தானே ஆகவேண்டும்… பாலைவனத்தில் காற்றை உறிஞ்சிய ஆறு தாள்களிலும் மணல், சுண்ணாம்பு, துளி இரும்பு, வழக்கமான கூட்டம்தான், கூடவே ஈயம். அந்தப் பொட்டல்வெளியில் ஈயத்துக்கு என்ன வேலை? சரி, எங்கிருந்தோ வந்தது என்று விடலாம், ஆனால் ஏழாவது? அது மூடிய டப்பாவில் போய் மூடியபடியே திரும்பி வந்தது, மற்ற ஆறும் யோக்கியமா என்று பார்க்கத்தான் அதைச் சும்மா கூட்டிப்போவது, அதிலும் ஈயம், அதே அளவு. அப்படியென்றால் தாளை டப்பாவில் போட்ட இடத்திலேயே ஏறியிருக்கிறது, போட்டது அவள், போட்ட இடம்…

"என்னம்மா, முகமே சரியில்ல?" அதிகாரி எட்டிப் பார்த்தார். "காத்துப் படாத தாள்லயும் ஈயம் வருது சார்." "அப்ப கை சுத்தமில்ல. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா போடு. தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுத்தான போட்ட?" தலை தானாக ஆடியது, பொய் சொல்ல நாக்குகூடத் தேவைப்படவில்லை. கண்ணாடிப் பெட்டியாவது… ஜீப் விடிவதற்குள் கிளம்புகிறதே, ஏழு டப்பாதானே என்று முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போனாள், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கையுறை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில்… தெரிந்தால் வேலை போய்விடும், பன்னிரண்டு வருஷ நல்ல பெயர் காற்றில் பறந்துவிடும், ஆனால் துடைத்தாளே, மேசையை இரண்டு தடவை துடைத்தாளே, அதற்கு முன்னால்? நாற்காலியில் கிடந்த கணவனின் சட்டை, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையிலிருந்து வந்ததும் அவன் கழற்றிப் போடும் சட்டை, அதை நன்றாக உதறி மடித்து வைத்துவிட்டுத்தான் தாளையே தொட்டாள், பெரிய சுத்தக்காரி!

இயந்திரம் மணியடித்தது. அதே எண். ஒரு உதறலில் பறந்ததுதானே, ஒரே ஒரு நாள்… ஒரு நாளா? தினமும் அந்த நாற்காலி, தினமும் அந்தச் சட்டை, அதே மேசையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு மகளின் வீட்டுப்பாடம், "வயித்த வலிக்குதும்மா", ஈயம் உடம்பில் ஏறினால் வயிறு வலிக்கும் என்று தெரிந்தவள்தானே, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட என்னமாய் நடிக்கிறாள் என்று இரண்டு மாதமாகத் திட்டித் தீர்த்தாளே, இன்று காலையும்தான், ஐயோ என் கண்ணே, ஊர்த் தூசியையெல்லாம் அளந்தேனே… அவள் கணவனை அழைத்தாள். "வீட்லதான் இருக்கேன், நீ பதறாத," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி, "பாப்பா வயித்தப் புடிச்சுக்கிட்டு அழறான்னு ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க, பட்டறைலேர்ந்து போட்டது போட்டபடி ஓடினேன். இப்ப என் நெஞ்சுல சாஞ்சு தூங்குறா. சட்டைய விடவே மாட்டேங்குறா." அவள் வாயைத் திறந்தாள். எதை முதலில் சொல்வது, அவளைக் கீழே இறக்கு என்றா, சட்டையைக் கழற்று என்றா… அவன் மூச்சுக்கு நடுவே இன்னொரு சின்ன மூச்சு ஏறி இறங்குவது போனில் கேட்டது.