தார்யெய்க்கு வராத தபால்

ஃப்ரேயா கப்பலில் எல்லோருக்கும் ஊரிலிருந்து கடிதம் வந்தது. தார்யெய்க்கு மட்டும் வரவில்லை. அவன் எழுதாமலும் இல்லை. மூன்று கடிதம் எழுதிவிட்டான். மூன்றிலும் ஒரே கேள்வி: கப்பல் சிலிக்குப் போகிறது, திரும்ப இரண்டு வருஷமாகும். கையெழுத்துப் போடட்டுமா, அல்லது வசந்த உழவுக்கு ஊருக்கு வந்துவிடட்டுமா? அப்பா அஸ்லாக்குக்கு முதுகு வளைந்துவிட்டது. அக்கா ஓஸ்னெ ஒருத்தியால் அத்தனை நிலத்தையும் பார்க்க முடியாது. இன்று மதியத்துக்குள் கேப்டனிடம் பதில் சொல்லியாக வேண்டும்.

கார்டிஃப் துறைமுகத்தில் நார்வே மாலுமிகளின் தபாலை ஒரு கப்பல் தரகர் அலுவலகத்தில் வாங்கி வைப்பார்கள். ஏற்பாடு எளிது. சுவரில் ஒரு மர அடுக்கு. அதில் எழுத்துக்கு ஒரு சிறு அறை. பெயரைச் சொன்னால் குமாஸ்தா அந்த அறைக்குள் கையை விட்டுத் துழாவுவார்.

"அஸ்லாக் மகன், அஸ்லாக்சன்னா 'ஏ'. காலி. நேத்தும் காலிதான்."

"'எம்'ல பாருங்க ஐயா. மோன். அது எங்க பண்ணைப் பேரு."

"அதையும் பார்த்தாச்சு தம்பி. நாளைக்கும் வந்து கேக்காத."

சமையற்காரன் சிவெர்ட் தன் கடிதத்தை விசிறிபோல் ஆட்டினான். "உங்கப்பன் பேனாவை ஆடு தின்னிருக்கும்டா."

"சும்மா இருங்கண்ணே. நீங்க திரும்பி வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே எழுதறாங்க உங்க வீட்டுல."

தார்யெய் மேஜையிலேயே நான்காவது கடிதத்தை எழுத ஆரம்பித்தான். 'நான் கடலில் மூழ்கிவிட்டேன் என்று நினைத்தீர்களா? ஒரு வரி எழுத இவ்வளவு சோம்பலா?' நிப்பு காகிதத்தைக் கிழித்தது. எரிச்சலோடு தலையைத் தூக்கியபோது சிவெர்ட்டின் உறை கண்ணில் பட்டது. மூலையில் வட்ட முத்திரை. அதில் சிவெர்ட்டின் ஊர்ப் பெயர்.

உறைமேல் பெயரை எழுதுவது வீட்டுக்காரர்கள். முத்திரை குத்துவது தபால் நிலையம். பெயர் எப்படி வேண்டுமானாலும் மாறலாம், முத்திரை மாறாது.

"ஐயா, பேரை விடுங்க. எங்க ஊரு செல்யோர் முத்திரை குத்தினது எந்த அறையில இருந்தாலும் எடுங்க."

"முத்திரையைப் பார்த்து யாருப்பா தபால் தேடுவா?"

"நான் தேடறேன். அடுக்கைக் காட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே குமாஸ்தா அறை அறையாகத் துழாவினார். 'பி' அறையில் மூன்று கிடந்தன. மூன்றும் ஓஸ்னெயின் கோணல் எழுத்து. உறையில்: தார்யெய் பிரோத்தன்.

"பிரோத்தனா? அது யாரு?" என்றான் சிவெர்ட்.

தார்யெய் கடைசிக் கடிதத்தைப் பிரித்தான். 'மூன்று முறை பதில் போட்டாயிற்று, இன்னும் அதே கேள்வியைக் கேட்கிறாய். உனக்குப் படிக்கத் தெரியாதா? மோன் பண்ணையில் நிலத்துக்காரர் தன் மகனைக் குடிவைத்துவிட்டார். நாங்கள் இப்போது பிரோத்தனில் இருக்கிறோம். இங்கே உழ நிலமில்லை, உருளைக்கிழங்கு போட ஒரு துண்டுதான். அப்பா கரண்டி செதுக்குகிறார். நீ வந்தால் உனக்கும் வேலையில்லை. கப்பலிலேயே இரு.'

தார்யெயின் ஊர்ப் பக்கத்தில் எந்தப் பண்ணையில் குடியிருக்கிறார்களோ அதுதான் பெயர். வீடு மாறினால் வீட்டார் எல்லோருக்கும் பெயர் மாறும், கடலில் இருப்பவனுக்கும் சேர்த்து.

"நான் கண்ணால பார்க்காத பண்ணைப் பேரை என் தலையில கட்டியிருக்காங்க!" என்று கத்தினான். "அவங்க என்னைத் திட்ட, நான் அவங்களைத் திட்ட. இத்தனை நாளும் எல்லாம் இங்கதான் கிடந்திருக்கு!"

"சரிடா, மணியைப் பாரு," என்றான் சிவெர்ட்.

தார்யெய் கப்பலுக்கு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டான். மோன் வயலை இனி வேறொருவன் உழுவான். பாதியில் விட்ட கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினான்:

'அக்கா, கிடைத்தது. சிலிக்குப் போகிறேன். இனி உறையில் பண்ணைப் பெயர் எழுதவே வேண்டாம். முதலில் கப்பலின் பெயர், ஃப்ரேயா. அதன் கீழே, தார்யெய் அஸ்லாக்சன். நீங்கள் எத்தனை வீடு மாறினாலும் அப்பாவின் பெயர் மாறாது.'