வால் கொக்கி

முஹ்ஸின் நானா பழுதுபார்க்க மேசையில் கொட்டிய ஏழு தூண்டில் லூர்களில் ஒன்றைப் பார்த்ததும் தனுஜா கையை இழுத்துக்கொண்டாள்.

கட்டுகஸ்தோட்டை வீட்டின் முன்னறையில்தான் அவளுக்கு வேலை. தண்ணீரின் மேலே துள்ளி மீனை ஏமாற்றும் அந்தப் பிளாஸ்டிக் மீன்களுக்குக் கொக்கி மாற்றுவாள், விரிசல் அடைப்பாள், சாயம் பூசுவாள். கணவன் சஞ்சீவிடம் பழகிய கை. மூன்று வருடத்துக்கு முன் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு மீன்பிடிக்கப் போன சஞ்சீவ் திரும்பவில்லை. ஓடம் மட்டும் மறுகரையில் ஒதுங்கிக் கிடந்தது. சுழியோடிகள் நான்கு நாள் தேடியும் உடல் இல்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே, அவன் வேலை பார்த்த கடையில் இருந்த ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் கட்டாருக்குப் போய்விட்டாள். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

மாமியார் பரிமளத்துக்கும் போதுமாக இருந்தது. "ஓடுகாலிப் பய" என்று சோறு வடிக்கும்போதும் திட்டுவாள், துணி மடிக்கும்போதும் திட்டுவாள். திட்டு வாங்குவதற்கு மகன் எங்கேயோ உயிரோடு இருந்தான்.

"இது எங்க கிடைச்சது நானா?"

"விக்டோரியாவுல, தெல்தெனியப் பக்கம் தங்கச்சி. தண்ணி நல்லா எறங்கீக்கி. தண்ணிக்குள்ள போன பழைய டவுன் மரமெல்லாம் மண்டையக் காட்டுது. ஒரு பட்ட மரத்துல கொழுவீந்திச்சு. இழுத்தேன், வயித்துக் கொக்கி மரத்தோடயே ஒடைஞ்சி போச்சு. வால் கொக்கி முந்தியே இல்ல. பெரிய மீன் ஏதும் புடுங்கீக்கும்." அவர் சிரித்தார். "எனக்கு மாட்டுறதெல்லாம் மரந்தான். வெறகாவது கொண்டு வாங்கண்டு வீட்டுல செல்றா."

அவர் போன பிறகுதான் அவளால் அதைத் தொட முடிந்தது. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு. இடது கண் வலதைவிடப் பெரிது. அவள் வரைந்த கண். "உன்னைய மாதிரியே முழிக்குது" என்று கடைசியாகக் கிளம்பிய அன்று சஞ்சீவ் கேலி செய்தான். "இதையும் தொலைச்சிட்டு வந்தீங்க, கதவத் தொறக்க மாட்டேன்" என்று அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வயிற்று வளையத்தில் ஒடிந்த கொக்கியின் துரு மிச்சம் இருந்தது. வால் வளையம் வெறுமையாக, சுத்தமாக இருந்தது. மீன் பிடுங்கியிருந்தால் வளையம் நீண்டிருக்கும். நீளவில்லை. பக்கத்தில் சாயத்தின் மேல் கத்தி நுனி நெம்பிய கீறல் மட்டும். சிக்கிய லூரை எடுக்குமுன் கை கிழியாதபடி வால் கொக்கியைக் கத்தியால் நெம்பிக் கழற்றிவிடுவது சஞ்சீவின் பழக்கம். ஓடத்தில் இருந்து எட்டாத மரம் என்றால், தண்ணீரில் இறங்கி, கிளையைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் செய்திருக்க வேண்டும்.

அவன் யாரோடும் ஓடவில்லை. இந்த லூருக்காக இறங்கியிருக்கிறான்.

சொன்னால் அத்தைக்கு மகன் இல்லை. சொல்லாவிட்டால் அவன் என்றைக்கும் ஓடுகாலி.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கை பழகிய வேலையைச் செய்தது. லூரை உதறியபோது விரிசல் வழியே பழுப்புத் தண்ணீர் மேசையில் சொட்டியது. மூடிய அறையில் சேற்று வாடை எழுந்தது. வேறு விரிசல் உண்டா என்று பார்க்கச் சுடுதண்ணீர்க் கோப்பையில் அமிழ்த்திப் பிடித்தாள். அதன் வாயோரத்தில் இருந்து குமிழ்கள் வந்தன. ஒன்று. நின்று, இன்னொன்று.

"யாரு வந்துட்டுப் போனது?" பரிமளம் வாசலில் நின்றாள். "என்னடி அது, மூச்சு விடுது?"

"அத்தை, இது அவரோடது."

தனுஜா எல்லாவற்றையும் சொன்னாள். மரத்தை, வளையத்தை, கதவைப் பற்றித் தான் சொன்ன வார்த்தையை. சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப ஓடல."

"ஓடல அத்தை."

"மூணு வருசமா தண்ணிக்குள்ள கெடந்தவனையா நான் அந்தப் பேச்சு பேசினேன்?"

"நான் அப்பிடிச் சொல்லாம இருந்திருந்தா…"

"நீ வெளையாட்டுக்குச் சொன்ன. நான் நெசமாத் திட்டுனேன்டி."

கோப்பையில் இன்னொரு குமிழ் வந்து உடைந்தது.

"எடு அத. முங்க விடாத."

பரிமளம் சுடுதண்ணீருக்குள் தானே கைவிட்டு எடுத்தாள். கதிரையில் உட்கார்ந்து, முந்தானையால் அதைத் தலையில் இருந்து துவட்டத் தொடங்கினாள்.