லிட்டருக்கு ஒன்பது

ஆதிகேசவனைத் திருடன் என்று பாலசுந்தரம் வாய் திறந்து சொல்லவில்லை. பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"லிட்டருக்குப் பதினாலு குடுத்த வண்டி. இப்ப ஒம்பது. மீதி அஞ்சு எங்கப்பா போவுது?"

சத்தியவேட்டில் பாலசுந்தரத்துக்கு இரண்டு வேன்கள். அதில் ஒன்றை ஆதிகேசவன் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறான். இத்தனை நாளில் ஒரு ஸ்பேனர்கூடக் காணாமல் போனதில்லை. பூட்டுப் போட்ட பிறகும் வண்டி ஒன்பதுதான் கொடுத்தது. அதற்கும் பாலசுந்தரத்திடம் பதில் இருந்தது. டூப்ளிகேட் சாவி செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று டீக்கடைக்காரரிடம் அவர் கேட்டது இவன் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் கேட்டார்.

ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவனுக்குப் பேரே மாற்றிவிட்டார்கள்.

"இன்னா பங்க் மொதலாளி, நம்ம வண்டிக்கும் ரெண்டு லிட்டர் ஊத்தறது!"

சிரிப்பான். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காது.

ஏழு பேர் உட்காரும் வேன். ஒன்பது பெண்கள் ஏறுவார்கள். வரதய்யபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியும் முன்னே ஒவ்வொருத்தியாக ஏற்றிக்கொண்டு, ஆறு மணி ஷிஃப்டுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம்.

அவர்களில் ரூபாவுக்கு மூன்றாம் மாசம் என்று தெரிந்த அன்றிலிருந்து அவளுக்கு முன் சீட்டு. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. பின்னால் தூக்கிப் போடும், புள்ளத்தாச்சி முன்னாடி குந்தட்டும் என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். இந்த வேனில் முன் சீட்டுக்கு அடியில்தான் இஞ்சின். மார்கழிப் பனியில் அந்த இடம் கதகதப்பாக இருக்கும். ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் ரூபாவின் தலை சாய்ந்துவிடும்.

"பாரு, தூங்கிட்டா. ராத்திரி பூரா உம் புருஷன் பவன்குமார்கிட்ட சண்டையாடி?"

"தல வலிக்குதுக்கா. வாந்தி வர்ற மாரி கீது."

"முழுவாம இருந்தா வாந்தி வராம, வடையா வரும்?"

"எனக்கும்தான் தல வலிக்குது," என்றாள் ரக்ஷிதா. பத்தொன்பது வயசு, கல்யாணம் ஆகாதவள். "நானும் முழுவாம கீறனா?"

"உங்க நைனா காதுல வுழுந்துச்சு, அப்பறம் தெரியும் உனக்கு!"

வண்டியே சிரித்தது. கண்ணாடி எல்லாம் மூடியிருந்தன. ஆதிகேசவன்தான் மூடச் சொன்னான். காற்றை இழுத்துக்கொண்டு ஓடினால் மைலேஜ் குறையும் என்று மெக்கானிக் திலீப் சொல்லியிருந்தான். பாக்கு துப்ப வேண்டும் என்பதால் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஒரு சாண் இறக்கி வைத்திருப்பான். பனியும் இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

டாஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. திலீப் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றான். புகைக் குழாயில் இருக்கும் சென்சார் அது. எரிந்த புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ இஞ்சினுக்குச் சொல்லும். புதுசு மாற்றினான். ஐந்து நாள் விளக்கு அணைந்திருந்தது, ஆறாம் நாள் எரிந்தது. இன்னொன்று மாற்றினான். அதே கதை. மைலேஜ் ஏறவே இல்லை.

"சென்சார் பெட்ரோல் குடிக்குமா?" என்றார் பாலசுந்தரம். "சாலு நைனா, சாலு. இதோட நிறுத்திக்கோ."

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் ரூபா ஏறவில்லை. மறுநாளும் இல்லை. முன் சீட்டில் ரக்ஷிதா உட்கார்ந்தாள். அன்று வண்டியில் சிரிப்பே இல்லை.

"வயித்துலயே போயிடுச்சாம்ணா," என்றாள் ரக்ஷிதா, ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "எட்டு மாசம். ரூபாக்கா திருப்பதி ஆஸ்பத்திரில கீது. அசைவே இல்லன்னு ஸ்கேன் எடுத்தாங்களாம்."

போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆதிகேசவனுக்கு இருந்தது. சனிக்கிழமை காலையில் பெண்களை இறக்கிவிட்டு, மதிய டிரிப்புக்கு ஸ்டாண்டில் ஒருவனை ஏற்பாடு செய்துவிட்டு, பாலசுந்தரத்திடம் கேட்டான். போ, வரும்போது பொல்யூஷன் சர்டிபிகேட் வாங்கிக்கினு வா என்றார்.

வடமாலபேட்டையில் ரோட்டோரம் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் வசந்தாவின் வெள்ளை வேன் நிற்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, புகை சோதிக்கும் மெஷின். நாற்பது வயசு இருக்கும் வசந்தாவுக்கு. ராணிப்பேட்டையில் ஒரு சர்வீஸ் சென்டரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். அவளிடம் சர்டிபிகேட் வாங்க இரண்டு நிமிஷம் போதும். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுப்பாள், பேப்பர் வந்துவிடும். மெஷினின் குழாய் ஆணியில் தொங்கியபடியே இருக்கும். வருகிறவர்களுக்கும் அதுதான் வேண்டும். குழாயை வைத்தால் யார் பாஸ் ஆவது?

அவள் கேமராவை எடுத்தபோது ஆதிகேசவன் சொன்னான், "குழாய வெச்சிப் பாருங்கம்மா. நெசமாவே."

"நெசமாவா? ஃபெயில் ஆயிட்டா நான் பொறுப்பில்ல."

"ஃபெயில் ஆவட்டும். அத அப்படியே பேப்பர்ல குடுங்க. எம் மொதலாளிகிட்ட காட்டணும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழாயை எடுத்துத் தூசி தட்டி, வண்டியின் புகைக் குழாய்க்குள் செருகினாள். திரையில் எண்கள் ஏறின. கார்பன் மோனாக்சைடு நாலு புள்ளி ரெண்டு சதவீதம். பூஜ்யம் புள்ளி மூன்றைத் தாண்டக் கூடாது.

"அடேங்கப்பா! பெட்ரோல் பாதி எரிஞ்சும் எரியாமலும் வெளிய போய்க்கினு கீது. இந்த லட்சணத்துக்கு ஒம்பது குடுக்கறதே பெருசு. யார்னா திருட்டுன்னு சொன்னா இத மூஞ்சில வீசுங்க."

பேப்பர் வந்தது. ஆதிகேசவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கிளம்பலாம் என்று திரும்பினான்.

"இருங்க," என்றாள் வசந்தா. "அந்த மஞ்ச வௌக்கு எதுக்கு எரியுது?"

இரண்டு முறை சென்சார் மாற்றியதைச் சொன்னான். அவள் ஒரு சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டி, ஃபோனில் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"பின்னாடி பாத்தா பெட்ரோல் வழியுது. சென்சார் என்னடான்னா பெட்ரோல் பத்தலங்குது. ரெண்டு சென்சாரும் அதேதான சொல்லிச்சு? ரெண்டும் பொய் சொல்லாது. இஞ்சினுக்கும் சென்சாருக்கும் நடுவுல எங்கயோ ஓட்டை கீது. அது வழியா வெளிக் காத்து பூந்தா, சென்சார் அந்தக் காத்தப் பாத்துட்டு பெட்ரோல் பத்தலன்னு நெனைக்கும். இஞ்சின் இன்னும் ஊத்தும். ஊத்த ஊத்த வெஷம்தான் ஜாஸ்தியாவும்."

முன் சீட்டைத் தூக்கினார்கள். இஞ்சினிலிருந்து புகை கிளம்பும் இரும்புக் குழாயின் வளைவில் மயிரிழை போல ஒரு விரிசல். அதைச் சுற்றி அடுப்புக் கரி மாதிரி கறுப்பு. இஞ்சின் ஓடும்போதே வசந்தா பின்பக்கக் குழாயை ஈரத் துணியால் அடைத்தாள். விரிசலிலிருந்து புஸ் புஸ் என்று வந்தது.

"எப்பலருந்து மைலேஜ் கொறஞ்சுது?"

"ஆயுத பூஜைக்கு அப்பறம்."

"அன்னிக்கி வண்டில எதுனா வேலை பாத்தீங்களா?"

வேலை ஒன்றும் பார்க்கவில்லை. கழுவினான். அன்று இடையில் இன்னொரு டிரிப் முடித்து வரவே பதினொன்றரை. பன்னிரண்டுக்கு ராகு காலம், அதற்குள் பூஜை போட வேண்டும் என்று பாலசுந்தரம் வாசலில் நின்று கத்தினார். சீட்டைத் தூக்கி, கொதித்துக்கொண்டிருந்த இஞ்சின்மேல் இவன்தான் தண்ணி ஓஸைத் திருப்பினான். ஆவி குப்பென்று எழுந்தது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கல் தெறித்திருக்கும் என்று நினைத்து, துடைத்துவிட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தான்.

சொன்னான். வசந்தா சீட்டை இறக்கினாள். கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடி, மெஷின் குழாயை மட்டும் முன் சீட்டுக்கு மேலே தொங்கவிட்டு, இஞ்சினை ஓடவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் திரையில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு என்று வந்தது.

"கம்மிதான?" என்றான் ஆதிகேசவன்.

"மூச்சு உடற காத்துல இது இருக்கவே கூடாது. இதுக்கு வாசனை கெடையாது. ரத்தத்துல ஏறி, ஆக்சிஜனுக்கு எடம் இல்லாம பண்ணிடும். தல வலிக்கும், தூக்கம் தள்ளும்." நிறுத்தினாள். "இந்தச் சீட்டுல யார் குந்துவாங்க?"

"புள்ளத்தாச்சி ஒருத்தி," என்றான். எட்டாம் மாசத்தில் குழந்தை வயிற்றிலேயே போனதையும் சொன்னான். வசந்தா வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதனாலதான்னு நான் சொல்ல முடியாதுண்ணா. டாக்டர்தான் சொல்லணும். ஆனா டாக்டருக்கு இது தெரியணும். அம்மாவவிட வயித்துல கீறத அது மோசமா தாக்கும்."

பாலசுந்தரத்துக்குப் பேப்பரைப் படம் எடுத்து அனுப்பினான். அவரே கூப்பிட்டார்.

"உன் மேல தப்பு இல்லப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். புத்தூர்ல வெல்டிங் வெச்சிக்கினு வந்துடு."

எந்த வார்த்தைக்காக அவன் மூன்று மாசம் காத்திருந்தானோ, அது வந்தே விட்டது. ஓஸ் தண்ணீர், மூடிய கண்ணாடி, ரூபா, எல்லாவற்றையும் சொன்னான். பாலசுந்தரம் குரலைத் தாழ்த்தினார்.

"நீ இன்னா டாக்டரா? வாய மூடிக்கினு வா. தண்ணி ஊத்துனது நீ. கண்ணாடிய மூடச் சொன்னது நீ. கேஸுன்னு வந்தா எவன் மாட்டுவான், யோசிச்சிக்கோ."

எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுத் திருப்பதிக்கு ஓட்டினான்.

வார்டில் ரூபா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புருஷன் பவன்குமார் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தான். மாமியார் வெங்கடலட்சுமி பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பப்பாளி துன்னாத, துன்னாதன்னு தலையில அடிச்சிக்கினேன். கேட்டாளா? எந்நேரமும் தூக்கம். வாய அடக்கத் தெரியாதவளுக்குப் புள்ள எப்படித் தங்கும்?"

ரூபாவின் முதுகு அசையவில்லை. அந்தக் குரல் ஆதிகேசவனுக்குத் தெரிந்த குரல். மூன்று மாசமாகப் பாலசுந்தரத்திடம் தினம் கேட்ட, பழி போடும் குரல்.

"பப்பாளி இல்லம்மா," என்றான். "என் வண்டி."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஓஸ், சத்தம், விரிசல், மூடிய கண்ணாடி. பேப்பரை நீட்டினான். பவன்குமார் அதை வாங்கவில்லை. ஆதிகேசவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். வெங்கடலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

ரூபா மெல்லத் திரும்பி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழமைல நல்லா ஒதைக்கும்ணா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "மத்த நாள்ல சத்தமே இருக்காது. நான் வேலைக்குப் போறேன்னு கோச்சிக்கினு கீதுன்னு நெனச்சேன்."

ரூபா ஆதிகேசவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கி காலைல அந்தச் சீட்டுல யாரு குந்துனா?"

"ரக்ஷிதா."

"அவளுக்கு ஃபோன் போடு."

சட்டையைப் பிடித்த கையைப் பவன்குமார் எடுக்கவில்லை. அப்படியே நின்று ஆதிகேசவன் ஃபோனை எடுத்து அழுத்தினான். சாப்பாட்டு நேரம். உடனே எடுத்துவிட்டாள். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

"இன்னாண்ணா?"

"தல வலிக்குதா ரக்ஷிதா?"

"எப்பவும் போலதாண்ணா," என்றாள் அவள். "ஏன்?"