மானிட்டரோடு போன சீட்டு

பஸ் ஊர் எல்லையைத் தாண்டி அரைமணிகூட ஆகவில்லை, ஒயரின் போன் அலற ஆரம்பித்துவிட்டது. லாரி ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். ஒயர் என்றால்தான் அங்கே ஆள் தெரியும்.

நாளைக் காலை அக்காவுக்கு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும்முன் தம்பி முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அவள் ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே பஸ், இதுதான்.

"ஒயரு! ஒரு சிஸ்டமும் வேலை செய்யல. பதினெட்டு லாரி நிக்குது, லோடு சீட்டு அடிக்க முடியல," என்று மேனேஜர் கத்தினார்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மற்றவற்றின் நெட்வொர்க் எண்களைக் கையால் அடித்து வைத்திருந்தான். ஒரு பிரிண்டரை மாற்றினால் முப்பத்தேழு மேஜைக்கும் குனிந்து நிமிர வேண்டும். போன வாரம்தான் அதற்கு ஒரு முழுக்குப் போட்டான். இனி எண் வேண்டாம், பெயர் போதும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒரே கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சொல்லிவிடும்; அது அணைந்தால் எல்லாம் நின்றுவிடும். அதற்குப் புதிதாக ஒன்று கேட்டபோது மேனேஜர் சிரித்தார். ஸ்டோர் ரூமில் தூசி தின்றுகொண்டிருந்த பழசைத் தட்டி எழுப்பினான். அதன் மானிட்டரில் 'அணைக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டும் ஒட்டினான்.

"சார், ஸ்டோர் ரூம் சிஸ்டம் ஓடுதான்னு பாருங்க."

"ஸ்டோர்காரர் இப்பதான் பூட்டிட்டுப் போனாரு. அவருக்கு இன்னிக்கு அரை நாள் லீவு. போனும் எடுக்க மாட்டேங்கிறாரு. காலையில என் மானிட்டர் புகைஞ்சிடுச்சுன்னு அவர்தான் வேற ஒண்ணு கொண்டாந்து வெச்சாரு. நீகூட அணைக்காதீங்கன்னு ஒட்டியிருக்கியே. டீ குடிக்கப் போனப்பகூட நான் அணைக்கலப்பா!"

சீட்டு மானிட்டரோடு மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டது. மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டர் சும்மா கரண்ட் குடிக்கிறதே என்று, ஸ்டோர்காரர் போகிற போக்கில் சுவிட்சை அமுக்கியிருப்பார்.

"பூட்டை உடைச்சிடுங்க சார். ஒரு பட்டனை அமுக்கினா போதும்."

"முதலாளி பூட்டை நான் உடைக்கவா? இன்னொரு சாவி உங்கிட்டதானே இருக்கு?"

இருந்தது. பேன்ட் பையில், பஸ் டிக்கெட்டோடு.

"சார், அக்காவுக்கு..."

"எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா முதலாளி இன்னொரு போன்ல கத்துறாரு. நீ வரலேன்னா, அப்புறம் உனக்கு இங்க வேலை இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

ஒயர் எழுந்து முன்னால் போனான். "டிரைவரண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க."

"இப்பதானேய்யா ஏறினே? எதையாவது மறந்துட்டியா?"

"ஆமாண்ணே."

எதிரே வந்த வேனைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, ஆபீசுக்கு வந்து, ஸ்டோர் ரூமைத் திறந்து, பட்டனை அமுக்கினான். இரண்டு நிமிஷத்தில் எல்லாம் உயிர் பெற்றன.

மேனேஜர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

அவர் தன் மானிட்டரில் இருந்த சீட்டைப் பத்திரமாக உரித்துக் கொண்டுவந்திருந்தார். ஒயர் அதை வாங்கி, இந்தத் தடவை சுவிட்சின் மேலேயே ஒட்டினான். போன் அடித்தது. அக்கா.

"டேய், எங்கடா வந்துட்டிருக்கே? ஜன்னலோரம் இடம் கிடைச்சுதா?"

வாசலில் பதினெட்டு லாரிகளும் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"கிடைச்சுதுக்கா."

"வண்டிச் சத்தம் நல்லாக் கேக்குது. அசந்து தூங்கிடாதே, இறங்குற இடம் தாண்டிப் போயிடும்," என்றாள் அக்கா.