இரவல் எலும்பு

குண்டு போடும் பொம்மர் வரும் சத்தம் இணுவிலில் முதலில் கேட்பது ஜிம்மிக்குத்தான். காது துப்பரவாகக் கேளாத குணலட்சுமியின் சேலைத் தலைப்பைக் கவ்வி இழுத்துப்போய், பதுங்குவதற்கு வெட்டிய பங்கருக்குள் இறக்கிவிட்டுத்தான் அது மறுவேலை பார்க்கும். தனிக்கட்டையான அந்த மனிசிக்கு வேறு காது ஏது? அப்படிப்பட்ட நாயின் பின்னங்காலில்தான், அந்தரப்பட்டுப் பங்கருக்குள் பாய்ந்த பக்கத்துவீட்டுத் தியாகலிங்கத்தார் தன் முழுப் பாரத்தோடும் குந்தினார். முறிந்த சத்தம் குணலட்சுமியைத் தவிர எல்லாருக்கும் கேட்டது.

மருதனார்மடத்து மிருக வைத்தியர் கதிரவேலு கெட்டிக்காரர்தான். ஆனால் சவர்க்காரமே கிடைக்காத பொருளாதாரத் தடைக்காலத்தில் எலும்புக்குள் வைக்கும் ஆணிக்கு எங்கே போவார்? சைக்கிள் கம்பியை அவித்து வைத்தார். பத்தாம் நாள் வளைந்தது. குடைக்கம்பியை வைத்தார், அது உள்ளேயே முறிந்து சீழ் கட்டியது. இடையில் ஒருநாள் பொம்மர் வந்தது. ஜிம்மி படுத்த படுக்கையில் கத்தோ கத்தென்று கத்த, குணலட்சுமி முற்றத்தில் ஆறுதலாக மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். தியாகலிங்கத்தார்தான் ஓடிப்போய் இழுத்துவந்தார்.

"இனி நல்ல உருக்கு வேணும். இல்லையெண்டால் காலை எடுக்கிறதுதான்" என்றார் கதிரவேலு.

நல்ல உருக்கு தியாகலிங்கத்தாரின் சாமியறையில் பட்டுத்துணிக்குள் இருந்தது. எண்பதாம் ஆண்டு மோட்டார் சைக்கிளால் விழுந்தபோது அவருடைய முன்கைக்குள் வைத்து, இரண்டு வருஷத்தால் கழற்றிக் கொடுத்த ஆணி. இரண்டு வருஷம் உடம்புக்குள் இருந்தது எலும்பில்லாமல் வேறென்ன? "நான் செத்துக் காடாத்தண்டு சாம்பலுக்குள்ளை எலும்பு பொறுக்கேக்கை இதையும் சட்டியிலை போடவேணும். ஒரு எலும்பு குறைஞ்சு கீரிமலைக் கடலிலை கரையேலாது" என்று மனைவி ஞானாம்பிகையிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இப்போது ஞானாம்பிகை கேட்டாள்: "குந்தி முறிச்சது ஆர்?"

மனிசன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் சாமியறைக்குள் முணுமுணுத்துவிட்டு, இரவல் என்ற பேச்சோடுதான் கொடுத்தார். "கால் பொருந்தினவுடனை கழட்டித் தரவேணும், டொக்டர்." ஆணியை அளவுக்கு வாளால் அறுத்தபோது தன் முன்கையைப் பொத்திக்கொண்டு நின்றார். அறுத்த துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆணி பிடித்தது. மூன்றாம் மாதம் ஜிம்மி கோழி கலைத்தது. சொன்ன சொல் தவறாமல் கதிரவேலு கத்தியோடு வந்தார்.

"கழட்டினால் திரும்ப ஒரு மாதம் கால் ஊண்டாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

குணலட்சுமி ஜிம்மியைத் தடவியபடி இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்தாள். தியாகலிங்கத்தார் தன் முன்கையைத் தடவினார். தன் மோட்சம் ஒரு நாயின் தொடைக்குள் கிடக்கிறதே!

"கிடக்கட்டும்" என்றார். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவதுபோல் அழுதார். நடந்ததையெல்லாம் ஞானாம்பிகை கைப்பாஷையில் குணலட்சுமிக்கு விளங்கப்படுத்தினாள். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

அடுத்த கிழமையே பொம்மர் வந்தது. சேலை கிழியக் கிழிய ஜிம்மியால் இழுபட்டு வந்த குணலட்சுமிதான் பங்கருக்குள் முதல் ஆள். தலைக்கு மேலே அது வட்டமடிக்க, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இறங்கிய தியாகலிங்கத்தார் இருட்டில் தடவித் தடவி இடம் தேடினார்.

தன் குரல் எவ்வளவு பெரிதென்று அறியாத குணலட்சுமி பொம்மருக்கே கேட்கும்படி கத்தினாள்: "பாத்துக் குந்துங்கோ தம்பி, உங்கடை எலும்பு கீழை கிடக்கு!"