வெளிப்பக்கம் பூட்டில்லாத கதவு

ஹாலிஸ் மூன்று பூட்டுகளை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தான். வெர்னா பீல் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்தாள். விரல்களில் ஃபிர் மரப் பிசின் ஏறிக் கறுத்திருந்தது. நவம்பர் பிறந்துவிட்டால் மெய்ன் மாநிலத்தின் அந்தக் கடற்கரையில் பாதிப் பேருக்கு விரல் அப்படித்தான் இருக்கும். கிறிஸ்துமஸுக்குக் கதவில் மாட்டுகிற பச்சை வளையங்களை அங்கேதான் வீடு வீடாகக் கட்டுகிறார்கள்.

"இதை எடுத்துக்க," என்று உள்ளங்கை அகலப் பூட்டைத் தட்டினான் ஹாலிஸ். "வெட்டுக் கத்தரி வெச்சா கத்தரிக்குத்தான் பல்லு போகும். உன் கொழுந்தன் லிண்டன் நேத்து இதைத்தான் வாங்கிட்டுப் போனான்."

"போன வருஷம் என் பூட்டை எவன் வெட்டினான்? பூட்டு முழுசாத்தான் கிடந்துச்சு. கொண்டியோட பேத்துட்டுப் போயிட்டான்."

"அப்ப இது. கதவுலயே பதிக்கிற பூட்டு. கொண்டியே வேணாம்."

"என் கதவு சாஞ்சு கிடக்கிற கதவுப்பா. சாவித் துவாரம் வானத்தைப் பாத்துக் கிடக்கும். பெய்யிற மழையெல்லாம் அதுக்குள்ளதான் இறங்கும். அப்புறம் உறைஞ்சு நிக்கும்."

மூன்றாவது பூட்டு எண்களைத் திருகித் திறப்பது. அதை அவள் தொடவே இல்லை. பிசின் விரலால் அந்தப் பொடி எண்களைத் திருகுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

போன வருஷம் லாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் நிலவறையிலிருந்து நூற்றெண்பது வளையங்கள் களவு போயின. நிலவறைதான் அவள் கிடங்கு. அந்த ஈரக் குளிரில் வைத்தால்தான் இலை உதிராது. வீட்டுச் சுவரை ஒட்டி வெளியே தரையில் சாய்ந்து கிடக்கும் இரட்டை இரும்புக் கதவைத் தூக்கினால் சிமெண்டுப் படி இறங்கும். சரக்கு போக வர அதுதான் வழி. சரக்கெடுக்க வந்த டுவைட் அன்றைக்கே சொல்லிவிட்டான்: "முதலாளி ஒரு தடவைதான் பொறுப்பார், வெர்னா. அடுத்த வருஷமும் குறைஞ்சா, இல்ல நேரத்துக்கு ஏத்த முடியலன்னா, பட்டியல்ல உன் பேர் இருக்காது." ஆகஸ்டில் புளூபெர்ரி வாரி, மற்ற மாதங்களில் சேற்றில் குனிந்து சிப்பி தோண்டிப் பிழைக்கிறவளுக்குக் குளிர்காலத்தில் அடுப்பெரிவது அந்தப் பட்டியலால்தான்.

"உள்பக்கம் போடுற தாழ்ப்பாள் இருக்கா?" என்று கேட்டாள். "கட்டை விரல் தண்டி இரும்பா இருக்கணும். மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு."

ஹாலிஸ் சிரித்தான். "உள்ளே தாழ் போட்டுட்டு வெளியேருந்து எப்படித் திறப்ப?"

"வெளியேருந்து திறக்கக் கூடாதுன்னுதானே கேக்குறேன்."

"நீயே திறக்கணும்ல?"

"சமையலறைலேருந்து உள்படி இறங்குது."

"அந்த ஏணியைப் படின்னு சொல்றியா? அந்த முட்டியோடயா? விழுந்து கிடந்தா யாரு வந்து தூக்குறது?"

"நீ வராதே. தாழ்ப்பாளைக் காட்டு."

அந்தச் சனிக்கிழமை பழைய கொண்டியின் மிச்சத்தைக் கழற்றி எறிந்தாள். கொண்டி இருந்த துளைகளில் உருண்டைத் தலைத் திருகாணியை வெளியிலிருந்து செலுத்தி, உள்ளே மரையை முறுக்கினாள். தாழ்ப்பாள்களை உள்ளே பொருத்த இரும்புச் சட்டத்தில் துளை போட அரை நாள் பிடித்தது. இரண்டு துளைமுனை முறிந்தது. முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தபோது கதவு தோசைக்கல் மாதிரி வழவழவென்று கிடந்தது. பிடிக்க ஒரு விளிம்பில்லை, நெம்ப ஒரு இடுக்கில்லை.

மறுநாளே சண்டை வந்தது. அந்தச் சாலையில் வாசற்கதவைத் தட்டி வருகிறவன் போலீஸ்காரன் அல்லது பாதிரி. மற்றவர்களுக்கெல்லாம் நிலவறைக் கதவுதான் வழி. ஜாடி கடன் வாங்குகிறவளும் இறைச்சி கொண்டு வருகிறவனும் கேட்காமல் தூக்கி, இறங்கி, வைத்துவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு லிண்டன் மான்தொடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தூக்கப் பார்த்தான். அசையவில்லை. காலால் உதைத்தான்.

"யாரைடி வெளியே நிறுத்துற?" என்று கத்தினான். "செத்துப் போன என் அண்ணன் இந்தக் கதவை ஒரு நாள் சாத்தினதில்ல."

வெர்னா சமையலறை ஜன்னலைத் திறந்தாள். "இந்தப் பக்கம் வா. கையில வாங்கிக்கிறேன்."

"நான் என்ன தபால்காரனா?"

"நீயுந்தான் பூட்டு வாங்கினியாமே."

"பூட்டு வேற. என் பூட்டுச் சாவி எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்து ஆணியில தொங்குது. இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு அந்தப் பூட்டு?"

"வெளியூர்க்காரனுக்கு," என்றான் லிண்டன், கொஞ்சமும் சிரிக்காமல்.

தொடையை ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டுப் போனான். அப்புறம் அஞ்சலகத்திலும் மீன் துறையிலும் அவள் கதவைப் பற்றித்தான் பேச்சு. வெர்னா தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாள் என்று சொல்லிச் சிரித்தார்கள். அவள் வளையம் கட்டினாள். கம்பி வளையத்தில் கிளையை இறுக்குகிற இயந்திரத்தின் மிதியை அழுத்தி அழுத்தி முட்டி வீங்கியது. நாளைக்கு நாலு தடவை அந்தப் பதினாலு படிகளில் பின்பக்கமாக இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் ஹாலிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டினாள்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்து முடிந்த மறுநாள் காலையில் கதவின் சாம்பல் வண்ணத்தில் புதுக் கீறல்களைப் பார்த்தாள். இரண்டு கதவும் சேருமிடத்தில் ஏழெட்டு. கீழ்ப்பக்கத்தில் மூன்று. கடப்பாரை முனை. ஒவ்வொன்றும் நாலு விரல் நீளம் ஓடி, வழுக்கி, நின்றுவிட்டிருந்தது. கீறல்களைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே போய் வளையங்களை எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை. அன்றைக்கு லிண்டனின் மான்தொடையில் பெரிய துண்டாக வெட்டி வறுத்துத் தின்றாள்.

டிசம்பர் நாலாம் தேதி லாரி வர வேண்டும். மூன்றாம் தேதி மத்தியானம் பிடித்தது மழை. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிற மழை. விடிந்தபோது மரம், கம்பி, வேலி, எல்லாவற்றுக்கும் பனிக்கட்டி உறை போட்டிருந்தது. சக்கரங்களில் சங்கிலி கட்டிய லாரி ஒன்பது மணிக்கு ஊர்ந்து வந்தது. டுவைட் தலையை நீட்டினான்.

"ஒரு வீட்டுக்கு இருபது நிமிஷம்தான். அதுக்கு மேல நிக்க மாட்டேன். பாலம் மூடுறதுக்குள்ள போயாகணும்."

எதிர்வீட்டு லிண்டனும் வளையம் கட்டுகிறவன்தான்; தன் நிலவறைக் கதவருகே கெட்டிலோடு நின்றிருந்தான். அவன் பூட்டு கண்ணாடிக் குண்டாகத் தொங்கியது. கொதிநீரை ஊற்றினான். ஆவி பறந்தது, பூட்டு பளபளத்தது. சாவியை எடுப்பதற்குள் ஊற்றின தண்ணீரும் சேர்ந்து உறைந்தது. அந்தச் சாலையில் எல்லோரும் ஒவ்வொரு குளிர்காலமும் இதைச் செய்வார்கள். ஒருவனும் அதிலிருந்து எதையும் கற்றதில்லை. "மார்சி, இன்னொரு கெட்டில் கொண்டா," என்று மனைவியைக் கூப்பிட்டான்.

வெர்னா உள்படியில் இறங்கினாள். இரண்டு தாழையும் இழுத்தாள். உலர்ந்த இரும்பு, வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. சிமெண்டுப் படியில் ஏறி, கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

அசையவில்லை.

மறுபடியும் தள்ளினாள். முட்டியில் ஏதோ சுரீரென்றது. வெளியே கதவு முழுக்க ஒரு விரற்கடைப் பனிக்கட்டி. தாழ்ப்பாள் உறையாது என்று கணக்குப் போட்டவள், கதவே உறையும் என்று போடவில்லை. மேலே டுவைட்டின் பூட்ஸ் கதவைத் தட்டியது.

"வெர்னா, இன்னும் பதினெட்டு நிமிஷம்."

"எண்ணாதே. தள்ளி நில்லு."

போன வாரம் வண்டிக்குக் குளிர்காலச் சக்கரம் மாற்றிவிட்டு, கழற்றின சக்கரங்களோடு ஜாக்கியையும் நிலவறையிலேயே போட்டிருந்தாள். அதை இழுத்து மூன்றாம் படியில் ஒரு பலகைமேல் நிறுத்தினாள். மேலே வேலிக்கட்டையின் துண்டு ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். பிடியை ஏற்றி இறக்கினாள். கட்டை முனகியது. இன்னும் நாலு. இன்னும் நாலு. வெளியே தட்டுமுட்டுப் பாத்திரம் மொத்தமும் உடைகிற சத்தம் கேட்டது. கதவின் ஓரத்தில் வெளிச்சம் நூல் மாதிரி விழுந்தது. அப்புறம் கை அகலம். பனிக்கட்டி ஒரே பாளமாகக் கழன்று சரிந்து டுவைட்டின் காலடியில் நொறுங்கியது.

வெர்னா தலையை வெளியே நீட்டினாள். "ம், தூக்கு. பார்த்துட்டு நிக்கவா சம்பளம் வாங்குற?"

"முட்டைலேருந்து குஞ்சு வர்ற மாதிரி வர்றியே," என்றான் டுவைட். ஆனால் தூக்கினான்.

வளையங்களைக் கழிகளில் கோத்து வைத்திருந்தாள்: கழிக்கு இருபது வளையம், இருபத்தைந்து கழி. படிக்கு மேல் அவன், கீழ் அவள். கடைசிக் கழி போனபோது டுவைட் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. ஐந்நூறு என்று எழுதி, அடிக்கோடு போட்டான்.

லாரியை எதிர்வீட்டு வாசலுக்குத் திருப்பி நிறுத்தினான். லிண்டன் அப்போதுதான் சாவியைத் திருகினான். பாதி அவன் கையில் நின்றது, பாதி பூட்டுக்குள் போனது. வெட்டுக் கத்தரி கொண்டு வந்தான். அது பனியில் வழுக்கி வழுக்கியே அவனுடைய இருபது நிமிஷமும் போனது, பிறகு பல் பிளந்தது. ஹாலிஸ் பொய் சொல்லவில்லை.

"இருபது நிமிஷம் உனக்கும்தான் லிண்டன்," என்றான் டுவைட், இஞ்சினைக் கிளப்பிக்கொண்டே. "உன்னோடது முடிஞ்சு போச்சு."

லிண்டன் உடைந்த கத்தரியைக் கீழே போட்டான். அவனுடைய முந்நூற்றைம்பது வளையம் நிலவறைக்குள் கிடந்தது. அதைக் கட்டின கைகளில் பாதி மார்சியுடையவை. அவள் சமையலறை வாசலில் காலிக் கெட்டிலோடு நின்றாள்.

"என் இருபதுல எட்டு மிச்சம் இருக்கு," என்றாள் வெர்னா. "அதை அவனுக்குக் கொடுத்தேன். இஞ்சினை நிறுத்து."

"அப்படியெல்லாம் சட்டம் கிடையாது."

"உன் சட்டத்துல இருபது நிமிஷம்னுதான் இருக்கு. யாரு வீட்டு வாசல்னு இருக்கா?"

டுவைட் இஞ்சினை நிறுத்தினான்.

"மார்சி, அந்த விருந்தறைக் கம்பளத்தைச் சுருட்டு," என்றாள் வெர்னா. "உங்க வீட்டு உள்படி வழியா ஏத்துறோம்."

"நாலு வருஷமா இவன் பூட்ஸையே அதுல விடல," என்று சொல்லிக்கொண்டே மார்சி சுருட்டினாள். லிண்டன் கீழே, மார்சி படியில், வெர்னா சமையலறையில், டுவைட் வாசலில். கழிகள் அடுப்பை உரசி, மேசையை உரசி, விருந்தறை வழியாகப் போயின. வீடெல்லாம் ஃபிர் இலை. எட்டு நிமிஷம் பதினொன்றானது. டுவைட் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டான்.

லாரிக் கதவைச் சாத்திவிட்டு, அவன் பட்டியலில் புதுத்தாள் ஒன்றைத் திருப்பினான். "அடுத்த வருஷம் உனக்கு எத்தனைன்னு போட, வெர்னா?"

"எழுநூறு."

"ஐந்நூறுக்கே முட்டி போச்சு உனக்கு," என்றான் லிண்டன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"மிதிக்க மார்சியும் வருவா. இப்ப கழி ஏத்துறப்பதான் பேசி முடிச்சோம்." மார்சி தலையாட்டினாள். "எழுநூறுன்னு போடு டுவைட். பேனாவுல போடு."

டுவைட் பேனாவைத் தேடி எடுத்தான். கை விறைத்திருந்ததால் மெதுவாக எழுதினான். முதலில் அவள் பெயர், அப்புறம் எண்.